அடுக்கம்பாறை கிடைக்காவிட்டால்? குடியாத்தம் மாணவி ஒருவரின் எம்.பி.பி.எஸ். கல்லூரித் தேர்வு

இது ஒரே வீட்டில் நடந்தது அல்ல. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், கே.வி.குப்பம் பக்கம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரு மாணவியின் மேல் வைத்துப் பார்க்கும் ஆய்வு. குடும்பத்தின் வருமானம், செலவு, மதிப்பெண் எல்லாம் மாதிரிக்காக எடுத்தவை. விதிகளும் கல்லூரிகளும் உள்ளபடியே.

அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுபவர். அம்மா பீடி சுற்றுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 18 ஆயிரம், நல்ல மாதமாக இருந்தால். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை. வீடு சொந்தம், ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில். மாணவி ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 531. வேலூர் அருகே அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியை மனதில் வைத்து வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தது ஒன்றுதான்: “அடுக்கம்பாறை கிடைச்சா சேரலாம். இல்லன்னா பக்கத்துலயே பிரைவேட்டுல பாக்கலாம், கடன் வாங்கியாச்சும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன: ஒரே கல்லூரியை நம்பியது, ‘பக்கத்தில்’ என்பதைப் பெரிதாக எண்ணியது, கடனைச் சிறிதாக எண்ணியது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

முதல் ஆண்டு: ‘பாஸ்’ என்ற சொல் செய்த வேலை

முதல் முயற்சியில் நீட் தேர்வில் மாணவி எடுத்தது 720-க்கு 374. உயிரியலில் 88 கேள்வி எழுதி 72 சரி, 16 தவறு: 272. வேதியியலில் 40 எழுதி 22 சரி: 70. இயற்பியலில் 38 எழுதி 14 மட்டுமே சரி, 24 தவறு: 32. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியாயிற்று. அன்று மாலையே தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. “உங்க பொண்ணு நீட் பாஸ் ஆயிடுச்சு, சீட்டு ரெடியா இருக்கு.”

நீட்டில் தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. 2025-இல் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. அதை வைத்து அரசுக் கல்லூரியில் காலெடுத்து வைக்க முடியாது. அது விண்ணப்பிக்கும் உரிமை மட்டும். தரகர்களின் தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நடக்கிறது. அவர்கள் சொல்லும் ‘ரெடி சீட்’ பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடு (தனியார் கல்லூரியில் அதிகக் கட்டணத்துக்கு வரும் இடம்), அல்லது வெளிநாடு.

போன ஆண்டின் மதிப்பெண்ணை இந்த ஆண்டோடு ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர். 2025-இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. வினாத்தாள் கடினமானால் எல்லாருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். ஆகவே “எதிர்வீட்டுப் பையனுக்கு இத்தனை மார்க்குல கிடைச்சுதே” என்பது பயனற்ற தகவல். கேட்க வேண்டியது அவன் மாநிலத் தரவரிசை எண்ணையும், வகுப்புவாரித் தரவரிசை எண்ணையும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் பி.சி. பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த மாணவிக்கு முதல் ஆண்டில் எந்தச் சுற்றிலும் இடம் வரவில்லை.

ஒரே தெரு, இரண்டு பள்ளி

இங்கேதான் குடும்பம் ஓர் அதிர்ச்சியைச் சந்தித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தங்களுக்கு உண்டு என்றே நம்பியிருந்தார்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இதில் அடங்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் அடங்குவர். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது.

சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, மதிய உணவும் அரசு தருகிறது, பிறகு எப்படி அரசுப் பள்ளி இல்லை என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 7.5 சதவீதத்தில் வரும் மாணவருக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதாவது மருத்துவக் கல்லூரிச் செலவின் மிகப் பெரிய முடிவு, பிள்ளையை ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்ற நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வேறு கதை. 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. இந்த மாணவிக்கு 7.5 இல்லை, 1,000 ரூபாய் உண்டு. ஒன்றுக்குத் தகுதி இருந்தால் மற்றதற்கும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ‘அரசுப் பள்ளி’ என்பதன் பொருள் தனி.

மீண்டும் எழுதுவதா, பி.எஸ்சி. சேர்வதா

மறுமுயற்சிக்கு எங்கள் அளவுகோல் எளியது: தவறியது ஒரு பாடத்திலா, மூன்றிலுமா? மூன்றிலும் சமமாகத் தவறியிருந்தால் ஓராண்டு வீட்டில் உட்காருவது பெரும்பாலும் வீண். இங்கே உயிரியல் 272-இல் நிற்கிறது. ஓட்டை இயற்பியலில். பள்ளியில் சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, கணக்குப் போட்ட பழக்கம் இல்லை. ஓராண்டில் சரிசெய்யக்கூடிய குறை. ஆகவே மறுமுயற்சி நியாயமானது, ஒரு முறை மட்டும்.

தங்கிப் படிக்கும் பயிற்சி மையம் ஓராண்டுக்கு லட்சத்தைத் தாண்டிக் கேட்டது. அதை விட்டுவிட்டு, பழைய வினாத்தாள்கள், இணையத் தேர்வுத் தொடர், இயற்பியலுக்கு மட்டும் ஓர் ஆசிரியர் என்று 12 ஆயிரத்தில் முடித்தார்கள். இரண்டாம் முறை இயற்பியல் 101.

இடையில் உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டு, இடம் வந்தால் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வந்தது. குடியாத்தத்தில் திருமகள் ஆலைக் கல்லூரி, வேலூர் ஓட்டேரியில் முத்துரங்கம் கல்லூரி, இரண்டும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் கையைக் கடிக்காது. ஆனால் வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும், பருவத் தேர்வு நவம்பரில் வரும், நீட் தயாரிப்பு பாதியில் நிற்கும். பி.எஸ்சி. உண்மையாகவே மாற்றுவழியாக வேண்டுமென்றால் முழுமனதோடு சேர வேண்டும். தங்குமிடமாக மட்டும் சேர்ந்தால் இரண்டும் போகும். தனியார் கல்லூரியில் சேர்ந்து விலகுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூலங்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவை தனிப் பாதை. டாக்டர் படிப்புக்கு ஆறுதல் பரிசாக அவற்றைப் பார்ப்பவர் அங்கேயும் நிற்க மாட்டார்.

இரண்டாவது சான்றிதழ்

முதல் ஆண்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு வாய்ப்பு கழன்று போயிருந்தது. நீட் விண்ணப்பத்தில் வகுப்பு என்ற இடத்தில் ‘பொது’ என்று கணினி மையத்தில் நிரப்பியிருந்தார்கள். நாடு முழுவதும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் போகின்றன. கலந்தாய்வை நடத்துவது டில்லியில் உள்ள எம்.சி.சி. என்ற மருத்துவக் கலந்தாய்வுக் குழு. அதில் 2021 முதல் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்ட ‘வசதி படைத்தோர் அல்லாத’ ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்காது.

தாலுகா அலுவலகத்தில் இது சிக்குவதற்குக் காரணம் ஒன்றே. எல்லாரும் முடிவு வந்த வாரத்தில் போய் நிற்கிறார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கை மாற வேண்டும். நடுவில் ஒருவர் விடுப்பில் போனால் போயிற்று. ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கியதும் விண்ணப்பித்தால் மே தேர்வுக்குள் எல்லாம் கையில் இருக்கும். வாங்க வேண்டியவை: சாதிச் சான்று, ஓ.பி.சி. சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு மாதிரி இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றைத் திருத்துவது மலையைப் புரட்டுவது.

அகில இந்திய ஒதுக்கீட்டை வட ஆற்காட்டுப் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. புதுச்சேரி ஜிப்மர் இடங்கள் எம்.சி.சி. வழியாகத்தான். திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் 15 சதவீதமும் அப்படியே. குடியாத்தத்திலிருந்து மதுரை போவதைவிடத் திருப்பதி பக்கம். வீட்டில் பாதித் தெலுங்கு பேசும் பேரணாம்பட்டுக் குடும்பங்களுக்கு நோயாளியிடம் பேசும் மொழியும் சிக்கல் இல்லை.

அடுக்கம்பாறையில் எத்தனை இடம்

இப்போது அந்த வாக்கியத்தின் முதல் பாதி. அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி 2005-இல் வந்தது. 100 இடம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குத் தனி அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. ஆகவே மூன்று மாவட்டப் பிள்ளைகளின் முதல் விருப்பமும் இதுவே. உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்று எதுவும் கிடையாது. கன்னியாகுமரி மாணவரும் இதே வரிசையில்தான்.

100-இல் 15 அகில இந்தியாவுக்கு. மீதி 85-இல் 7.5 சதவீதம், அதாவது 6, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மீதி 79. அதில் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பி.சி.க்கு 26.5 சதவீதம்: தோராயமாக 21 இடம். பொதுப் போட்டியில் 24 இடம், அவற்றையும் தரவரிசையின் உச்சியில் இருப்பவர்கள் எடுப்பார்கள். ஆக இந்த மாணவி போட்டியிடுவது 21 இடத்துக்கு. ‘அடுக்கம்பாறை மட்டும்’ என்று பட்டியல் கொடுப்பது 21 இடத்தில் ஒன்றை நம்பி ஐந்தரை வருடத்தைப் பணயம் வைப்பது.

சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி? வேலூரில் இந்தக் கேள்வி வராமல் பேச்சு முடியாது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக ஐடா ஸ்கடர் தொடங்கியது, 1942-இல் எம்.பி.பி.எஸ்., 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். கல்விக் கட்டணம் தனியார் கல்லூரிகளில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆனால் இடங்களில் பெரும்பகுதி கிறிஸ்தவச் சிறுபான்மைப் பிரிவுக்கு. திருச்சபை ஆதரவில் சேருபவர்கள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு ஆதரவளித்த அமைப்பின் மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும். பொதுப் பிரிவில் மிகச் சில இடங்கள், அவற்றின் தரவரிசையும் எட்டாத உயரம். முக்கியமானது, சி.எம்.சி.க்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும், மாநிலக் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக் குழுவிலும் பதிய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. (வி.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். இல்லை. இதைக் கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

ஐந்தரை வருடக் கணக்கு

இரண்டாம் பாதிக்கு வருவோம்: “பக்கத்துலயே பிரைவேட்டு, கடன் வாங்கியாச்சும்.”

அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு 20 ஆயிரத்துக்குள். ஐந்து தவணைக்கு 1 லட்சம் என்று வையுங்கள். விடுதியும் மெஸ்ஸும் மாதம் 5,500 என்றால் நான்கரை ஆண்டு, அதாவது 54 மாதத்துக்கு 2,97,000. புத்தகம், கருவிகள் 45 ஆயிரம். ஊருக்குப் போய்வர 45 ஆயிரம். துணி, கைபேசி, சில்லறை மாதம் 1,500 வீதம் 81 ஆயிரம். கூட்டினால் 5,68,000. ஐந்தாவது ஆண்டின் பாதியில் தொடங்கும் பயிற்சி மருத்துவர் ஆண்டில் ஊக்கத்தொகை வருவதால் அதைச் சேர்க்கவில்லை.

இலவசம் என்று நினைத்திருந்த வீட்டுக்கு இந்தத் தொகையே திகைப்பு. மாதம் 10,500 ரூபாய், 18 ஆயிரம் வருமானத்தில். அரசுக் கல்லூரி ‘கட்டணமில்லாதது’ அல்ல, ‘கட்டணம் சிறியது’. செலவின் பெரும்பங்கு சோறும் படுக்கையும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் மெஸ் பாக்கியாக வந்து நிற்கும்.

சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகை ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம். நான்கரை ஆண்டுக்கு 20.25 லட்சம். விடுதி, உணவு ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் 6.75 லட்சம். மற்றவை 1.5 லட்சம். மொத்தம் 28.5 லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 13.5 லட்சத்தை ஒட்டி, மொத்தம் 60 லட்சத்தைத் தாண்டும். அதைப் பற்றி இந்த வீட்டில் பேச வேண்டியதில்லை.

அரசுக்கும் சுயநிதி அரசு ஒதுக்கீட்டுக்கும் இடையே சுமார் 23 லட்சம். இந்தக் குடும்பத்தின் பத்து ஆண்டு வருமானத்துக்கும் மேல். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தக் கணக்கையே மாற்றிவிடும். பி.சி. குடும்பத்துக்கு அந்த அளவு கைகொடுப்பது எதுவும் இல்லை.

கடன் வாங்கினால்? வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. அதற்கு மேல் சொத்து வேண்டும். இங்கேதான் தாத்தா பெயரில் இருந்த பட்டா குறுக்கே வந்தது. வாரிசுகள் நால்வர், ஒருவர் பெங்களூரில். வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வழக்கறிஞர் கருத்து எல்லாம் கலந்தாய்வு நடக்கும் இரண்டு மாதத்துக்குள் முடியாது.

முடிந்தாலும் பார்ப்போம். 20.25 லட்சம் கட்டணம் முழுவதும் கடன், 10 சதவீத வட்டி, ஆண்டுதோறும் பகுதி பகுதியாக வழங்கல், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடக்கம். முதல் தவணைப் பணம் ஆறரை ஆண்டு வட்டி சுமக்கும், கடைசி அரைத் தவணை இரண்டரை ஆண்டு. தனிவட்டியாகவே 9.5 லட்சம் சேர்ந்து கடன் கிட்டத்தட்ட 29.8 லட்சம் ஆகிவிடும். 15 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 32 ஆயிரம். புதிதாக வெளிவரும் எம்.பி.பி.எஸ்.க்கு இது கழுத்துக் கயிறு. மேற்படிப்புக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய அந்த இரண்டு ஆண்டில் அவர் இரவு ஷிப்ட் தேடி ஓடுவார். பக்கத்தில் கல்லூரி என்பதற்கு உண்மையான விலை இதுதான்.

மாறாக அரசு இடத்துக்கு 4 லட்சம் கடன் வாங்கினால் விடுதிச் செலவும் புத்தகமும் அதிலேயே அடங்கும், ஈடு வேண்டாம். பத்து ஆண்டில் அடைத்தால், படிப்புக் காலத்து வட்டி சேராமல், தவணை 5,300 அளவு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிப்புக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் கேட்கலாம். கடன் விண்ணப்பத்தின்போதே வருமானச் சான்றோடு கேட்க வேண்டும், பின்னால் ஞாபகம் வந்து பயனில்லை.

வெளிநாட்டு வழியை மேசையில் வைத்தவர்களும் இருந்தார்கள். 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே பல்கலைக்கழகத்தில் 12 மாதப் பயிற்சி, பிறகு இங்கே தகுதித் தேர்வு, அதன்பின் இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் சமீப ஆண்டுகளின் பெரும்பாலான அமர்வுகளில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. பட்டா பிரச்சினையே தீராத வீட்டுக்கு இது வழியல்ல.

பட்டியல் போடும் இரவு

கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவின் கலந்தாய்வில் ‘சாய்ஸ் ஃபில்லிங்’, அதாவது விரும்பும் கல்லூரிகளை வரிசையாக எழுதுவதுதான், உண்மையான தேர்வு. கணினி செய்வது ஒன்றே: தரவரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு நகரும். கீழே எழுதியதை அது படிப்பதே இல்லை. கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. வேண்டாததை மேலே எழுதுவதால்தான் நட்டம்.

இரண்டாம் ஆண்டில் இந்தக் குடும்பம் முதல் சுற்றில் செய்தது அதுதான். அடுக்கம்பாறை, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கல்பட்டு, சென்னைக் கல்லூரிகள், அடுத்து காஞ்சிபுரம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி, அதன்பின் தென்மாவட்ட, டெல்டா அரசுக் கல்லூரிகள். “அவ்ளோ தூரம் பொண்ண எப்புடிம்மா அனுப்பறது?” என்று பெரியம்மா கேட்ட கேள்விக்கு அந்த வரிசை பதில். முதல் சுற்றில் வந்தது அந்தச் சுயநிதி இடம். அதற்குக் கீழே எழுதியிருந்த அரசுக் கல்லூரிகளில் ஒன்றில் அவர் தரவரிசைக்கு இடம் இருந்தும் கணினி அங்கே போகவில்லை.

இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. பிறகு இடம் மாறினால் அந்தப் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும், அதுவரை அடகு வட்டி ஓடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் சுற்றுக்கு ‘அப்கிரேடேஷன்’ (மேலான இடத்துக்கு மாறும் வாய்ப்பு) வேண்டும் என்று குறித்ததால் கதவு திறந்தே இருந்தது. குறிக்காமல் விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒன்றை உணர்ந்துகொண்டு குறிக்க வேண்டும்: மேலான இடம் வந்துவிட்டால் பழைய இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும், பழையதே போதும் என்று திரும்ப முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில் இப்போது கையில் இருப்பதைவிட உறுதியாக வேண்டும் என்பவை மட்டும். சுற்று ஏற ஏற வெளியேறும் விலையும் ஏறும். கடைசிச் சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகையும் போய், அடுத்த ஆண்டு வாய்ப்பும் போகலாம். ஒவ்வோர் ஆண்டும் தகவல் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

இம்முறை வரிசை மாறியது. மாநிலத்தின் எல்லா அரசுக் கல்லூரிகளும் முதலில், தூரம் பார்க்காமல். 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய கல்லூரிகளும் இதில் சேரும்: கிருஷ்ணகிரி, திருவள்ளூர், கள்ளக்குறிச்சி, அரியலூர், நாகப்பட்டினம், விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர், நீலகிரி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரியும் பெருந்துறைக் கல்லூரியும் 2021 முதல் அரசுக் கட்டணத்துக்கு வந்துவிட்டன. அவை பல லட்சம் வாங்கிய காலத்து நினைவில் உறவினர்கள் இன்னும் “அங்க போடாத” என்கிறார்கள். சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. கல்லூரியில் கட்டணம் மாநிலக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு, ஆனாலும் சுயநிதியைவிட மிகக் குறைவு. அது அரசுக் கல்லூரிகளுக்குக் கீழே, சுயநிதிக்கு மேலே.

பழைய கல்லூரி, புதிய கல்லூரி என்ற விவாதம் வந்தது. பழையதில் பேராசிரியர்கள் நிறைவாக இருப்பார்கள், மேற்படிப்பு மாணவர்கள் இருப்பார்கள், கற்றுக்கொள்ளக் கைகள் அதிகம். புதியதில் சில துறைகள் மெலிந்திருக்கும். ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்து வளர்ந்த இடத்தில் நோயாளிக்குப் பஞ்சம் இருக்காது. பிரசவ அறையும் விபத்துப் பிரிவும் இரவு முழுக்க விழித்திருக்கும். பளபளப்பான கட்டடமும் காலியான படுக்கையும் உள்ள கல்லூரியைவிட இது எத்தனையோ மேல். முதுநிலைக்கான நீட் தேர்வில் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் சுற்றில் நாகப்பட்டினம் வந்தது.

சேர்ந்த வாரம்

வேலூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். ஒதுக்கீட்டு ஆணை, நீட் மதிப்பெண் அட்டை, நுழைவுச்சீட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவு படங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நகல். மூலங்களைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார்கள். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை இணையத்தில் மாணவியும் பெற்றோரும் தனித்தனியாகப் பதிந்தார்கள்.

முதல் மாதத்தில் வாங்க வேண்டியது மிகக் குறைவு: இரண்டு வெள்ளைக் கோட்டு, உடலை அறுத்துப் படிப்பதற்கான ‘டிஸெக்‌ஷன்’ கருவிப் பெட்டி, முதலாண்டின் மூன்று பாடங்களான உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியலுக்குத் தலா ஒரு முதன்மைப் புத்தகம். எலும்புகள் சீனியர்களிடமிருந்து பாதி விலையில், இரண்டு பேர் சேர்ந்து. மாமா ஆசையாக வாங்கித் தருவதாகச் சொன்ன லிட்மன் ஸ்டெதாஸ்கோப்பு இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. முதல் ஆண்டில் அது பெரும்பாலும் கழுத்து அலங்காரம்தான். அந்தப் பணத்தில் ஒரு மாத மெஸ் கட்டலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மட்டும் ஒத்திவைக்கக் கூடாது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டுக்குள் போவதற்கு முன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

மெஸ் ‘டிவைடிங்’ முறை. மாதச் செலவை உண்டவர்கள் பிரித்துக் கட்டுவது, ஆகவே தொகை மாதாமாதம் மாறும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கழிவு கிடைக்கும். எழுதாமல் போனால் உண்ணாத சோற்றுக்கும் பங்கு.

வங்கியில் இரண்டாம் தவணை தானாக வராது. கல்லூரியின் படிப்புச் சான்று, முதலாண்டு மதிப்பெண், கட்டண விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அப்பா குடியாத்தம் கிளைக்குப் போக வேண்டும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் உதவித்தொகை தொடரும். அடுத்த ஏப்ரல் முதல் வாரத்துக்கு அம்மா நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.